ஹீமோகுளோபின் 8.4: ரத்த சோகையிலிருந்து மீண்ட அனுபவம்

சென்ற ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் ஹீமோகுளோபின் அளவு 8.4 கிராம் என்று வந்தது. கர்ப்பிணியல்லாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனாலே அது ரத்த சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை, தினமும் பருப்பு, பால், பழம் என்று சாப்பிடும் வீட்டில் இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்வதே சிகிச்சையின் பாதியாக இருந்தது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை இருக்கிறது. இதை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

மருத்துவர் உடனே மாத்திரை எழுதிக் கொடுத்துவிடவில்லை. முதலில் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபினை அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் சோறு என்று கொண்டால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல்லைப் போன்றது; உடலில் இரும்புச் சத்தின் சேமிப்பு எவ்வளவு என்பதை அது காட்டும். எனக்கு அது 6தான் இருந்தது. 15க்குக் கீழ் இருந்தாலே பற்றாக்குறை. ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும், பரம்பரையாக வரும் தலசீமியா பண்பு உள்ளவர்களுக்கும், இரும்புச் சத்து குறைந்தவர்களைப் போலவே சிவப்பணுக்கள் சிறுத்தே இருக்கும், ஆனால் அவர்களுக்கு இரும்புச் சத்து குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, பரிசோதனை செய்யாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது சரியல்ல என்று அவர் அழுத்தமாகச் சொன்னார்.

அடுத்து அவர் விளக்கியதுதான் என் சமையலறையையே மாற்றியது. ஹீமோகுளோபின் உருவாக இரும்பு மட்டும் போதாது. அதன் பெரும்பகுதி புரதம். அதைச் சுமக்கும் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் முறையாக வளர ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் வேண்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான் என்பதால் இந்த உற்பத்தி ஓயாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அதோடு, கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு அதைவிட நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். டீயின் துவர்ப்புச் சத்தும், தானியங்களின் ஃபைட்டிக் அமிலமும், பாலின் கால்சியமும் அதைத் தடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம்.

டீயை முற்றிலும் விட வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குடிக்காமல் இருந்தால் போதும். காலை டீயைப் பதினொரு மணிக்குத் தள்ளிவைத்தேன். கீரையை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு எலுமிச்சையைப் பிழிந்தேன், ஏனெனில் கொதிக்கும்போது சேர்த்தால் வைட்டமின் சி பெருமளவு வீணாகும். மதியச் சாப்பாட்டோடு அரைக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்துகொண்டது. பாசிப்பயறை முளைகட்டியும் கம்பங்கூழை இரவு முழுவதும் புளிக்கவைத்தும் சாப்பிட்டோம். முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கின்றன. ஞாயிறுதோறும் கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிக் கொடுத்தார் என் மாமியார். அவர் சிறுவயதிலிருந்து சொல்லிவந்த இந்த வைத்தியத்தை மருத்துவரும் ஆமோதித்தார். பீட்ரூட் சாறு குடிக்கச் சொன்னவர்கள் ஏராளம். அதில் ஃபோலிக் அமிலம் உண்டு, ஆனால் அதன் சிவப்பு நிறம் நம்பவைக்கும் அளவுக்கு இரும்பு இல்லை.

ஆனாலும் இவ்வளவு குறைந்த சேமிப்பை உணவால் மட்டும் நிரப்ப முடியாது என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்கு மேற்கொண்டு இரும்பு சேர்வதைக் குறைத்துவிடுகிறது என்பதால், இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேரும், வயிற்றுக்கும் இதமாக இருக்கும் என்றார். நான் ஏற்கெனவே எடுத்துவந்த கால்சியம் மாத்திரை இரவுக்கு மாறியது. முதல் வாரங்களில் குமட்டலும் மலச்சிக்கலும் இருந்தன. மலம் கறுப்பாகப் போனது. அந்த நிறம் மாத்திரையால் வருவது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பாதியில் மாத்திரையை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள் என்று செவிலியர் சொன்னார். அவர்களிடம் இந்தச் சிறு தகவலை முதலிலேயே சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 9.7 ஆனது. படியேறும்போது மூச்சிரைப்பது அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. பிறகு அது 12.2ஐத் தொட்டபோது ஃபெரிட்டின் 19தான். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது என்று அங்கேயே நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால், மேலும் மூன்று மாதம் மாத்திரை தொடர்ந்தது.

இதற்கிடையே இரும்பு எங்கே போகிறது என்பதையும் தேடினார்கள். மாதவிடாயின்போது எனக்கு ரத்தப்போக்கு அதிகம். பெண்களுக்கு இது இயல்புதான் என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தியதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக்கட்டி தெரிந்தது. அதற்கான மருந்தைத் தொடங்கிய பிறகே ஃபெரிட்டின் நிலையாக ஏறி 44ஐ எட்டியது. இப்போது இரும்பு மாத்திரை இல்லை. கட்டி இன்னும் இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாதவிடாய் தொடங்கிவிட்ட என் மகளுக்கும் அதே பரிசோதனையை இந்த மாதம் எடுக்கவிருக்கிறோம்.