பன்னா கடற்கரையும் ரோஜர் கேஸ்மென்ட்டும்

டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்தில் ஏறி, மாலோவில் வண்டி மாறினால் சுமார் 4 மணி நேரத்தில் டிரலீ வந்துவிடலாம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே ரயில் நிலையத்தின் பெயரே கேஸ்மென்ட் நிலையம்தான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழா ஆண்டான 1966இல், அதில் உயிரைக் கொடுத்தவர்களின் பெயர்களை நாட்டின் முக்கிய ரயில் நிலையங்களுக்கு வைத்தார்கள். நான் ஏறிய ஹியூஸ்டனும் அப்படி வந்த பெயர்தான். டிரலீக்குக் கிடைத்தவர் சர் ரோஜர் கேஸ்மென்ட். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்து, அரசரிடம் 'சர்' பட்டம் வாங்கி, ஐந்தே ஆண்டுகளில் அதே அரசால் துரோகி என்று தூக்கிலிடப்பட்டவர்.

டிரலீயிலிருந்து பன்னா கடற்கரைக்கு டாக்சியில் போனேன். வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நீளமான மணற்பரப்பு, பின்னால் ஆளுயரத்துக்கு மேல் புல் முளைத்த மணல்மேடுகள், எதிரே அட்லாண்டிக். காற்று ஆளைத் தள்ளுகிறது. கரையோரம் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. 1916 ஏப்ரல் 21, புனித வெள்ளி அதிகாலையில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கேஸ்மென்ட், ராபர்ட் மான்டீத், 'மூன்றாவது ஒரு மனிதர்' ஆகியோர் இங்கே கரையேறினார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த மூன்றாவது மனிதருக்குப் பெயர் உண்டு, டேனியல் பெய்லி. பிடிபட்டதும் தெரிந்ததையெல்லாம் போலீசிடம் சொல்லிவிட்டவர். கல்லில் அவர் பெயரை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த இடத்தில் நின்று வாசிக்கும்போது ஊரின் கோபம் புரிகிறது.

அவர்கள் வந்த சிறு படகு அலையில் கவிழ்ந்தது. நனைந்து, நடக்கத் தெம்பில்லாமல் இருந்த கேஸ்மென்ட்டைப் பக்கத்தில் இருந்த பழங்கால மண்கோட்டை ஒன்றில் விட்டுவிட்டு மற்ற இருவரும் டிரலீக்கு உதவி தேடிப் போனார்கள். மதியமே போலீஸ் வந்துவிட்டது. தான் ஓர் ஆங்கில எழுத்தாளர் என்று பொய்ப்பெயர் சொல்லிப் பார்த்தார். சட்டைப் பையில் பெர்லினிலிருந்து வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்குப் போன ரயில் டிக்கெட் இருந்தது. வழியில் அவர் கிழித்துப் போட்ட சங்கேதக் குறிப்பை ஒரு சிறுவன் பொறுக்கி போலீசிடம் கொடுத்துவிட்டான். அந்தக் கோட்டை இன்றும் இருக்கிறது. வட்டமான மண்கரையும் மரங்களும்தான். ஒரு மனிதர் ஒளிந்துகொள்ளக் கூடிய இடமாக எனக்குத் தோன்றவில்லை.

கேஸ்மென்ட்டின் வாழ்க்கை முழுக்கவே காகிதங்களின் கதை. காங்கோவிலிருந்து தொடங்க வேண்டும். 1903இல் அவர் அங்கே பிரிட்டிஷ் கான்சல், அதாவது தூதரக அதிகாரி. பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்தச் சொத்துபோல் இருந்த அந்த நாட்டில் ரப்பருக்காக நடந்த கொடுமைகளை விசாரிக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அரசுப் படகில் போனால் அரசு காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று, மிஷனரிகளின் நீராவிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆற்றில் மேலே போனார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால், முன்பு ஜனம் நிறைந்திருந்த கிராமங்கள் காலியாகிக் கிடப்பதைக் கண்ணால் ஒப்பிட முடிந்தது. தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட மனிதக் கைகளை வெட்டிக்கொண்டு வந்த சிப்பாய்களைப் பற்றி, பாதிக்கப்பட்டவர்களையே உட்காரவைத்துக் கேட்டு எழுதினார். 1904இல் அறிக்கை வெளியானபோது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் பெயர்களையெல்லாம் நீக்கி வெறும் எழுத்துகளாக மாற்றியிருந்தது. அவர் கொதித்துப் போனார். ஆனாலும் அந்த அறிக்கை அடித்த அடியிலிருந்து லியோபோல்ட் மீளவில்லை. 1908இல் காங்கோ அவர் கையைவிட்டுப் போனது.

1910இல் அமேசான். பெரு, கொலம்பியா எல்லையில் புட்டுமாயோ ஆற்றுப் பகுதி. அங்கே ஹூலியோ சீசர் அரானா என்பவரின் ரப்பர் கம்பெனி ஹுய்டோட்டோ, போரா பழங்குடிகளை அடிமைகளாக வைத்திருந்தது. கம்பெனி லண்டனில் பதிவானது, கங்காணிகளில் பலர் பார்படோஸ் தீவிலிருந்து வந்த பிரிட்டிஷ் குடிமக்கள். அதனால்தான் ஒரு பிரிட்டிஷ் கான்சல் உள்ளே நுழைய முடிந்தது. அங்கே அவர் தினமும் பக்கம் பக்கமாக எழுதினார். சவுக்கடித் தழும்புகளைப் பதிவு செய்தார். சுமை தூக்கி வந்த ஒரு சிறுவனையும் அவன் சுமையையும் தராசில் நிறுத்தார். சுமைதான் அதிக எடை. என்னைப் பொறுத்தவரை கேஸ்மென்ட் யார் என்று சொல்ல அந்தத் தராசு ஒன்று போதும். ஆவேசப்படுவதற்கு முன்னால் அளந்து எழுதிவைத்தவர்.

இந்த இடத்தில் நம் கதையும் வந்து சேர்கிறது. காட்டு ரப்பரின் காலம் முடிந்ததற்குக் கேஸ்மென்ட்டின் அறிக்கையைவிடப் பெரிய காரணம், மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டங்களில் விளைந்த மலிவு ரப்பர்தான். பிரேசிலிலிருந்து 1876இல் லண்டனுக்குப் போன விதைகளின் வழிவந்த மரங்கள். அவற்றில் பால்வெட்டியவர்கள் பெரும்பாலும் கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோன தமிழர்கள். அவர்கள் சுமையை நிறுத்துப் பார்க்க ஒரு கேஸ்மென்ட் வரவில்லை.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. அமேசானிலிருந்து ஓமரினோ, அரெடோமி என்ற இரண்டு பழங்குடி இளைஞர்களை லண்டனுக்கு அழைத்துவந்து, ஆதரவு திரட்டுவதற்காகக் காட்டினார். ஓமரினோவுக்காக ஒரு சட்டையும் கால்சட்டையும் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நோக்கம் நல்லதுதான் என்றாலும் அதைப் படிக்கும்போது எனக்கு வலித்தது.

1913இல் வேலையை விட்டார். பிறகு அயர்லாந்து விடுதலைக்காக முழுமூச்சாக இறங்கி, உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மனிக்குப் போனார். அங்கே போர்க்கைதிகளாக இருந்த அயர்லாந்துச் சிப்பாய்களைத் திரட்ட முயன்றார். ஐம்பத்துச் சொச்சம் பேர்தான் சேர்ந்தார்கள். ஜெர்மனி 20,000 துப்பாக்கிகளை ஒரு கப்பலில் அனுப்பியது. ஆங்கிலேயர் மடக்கியதும் கேப்டனே அதைக் கடலில் மூழ்கடித்தார். இந்த உதவியை நம்பி எழுச்சியில் இறங்க வேண்டாம் என்று சொல்லவே பன்னாவில் கரையேறினார் கேஸ்மென்ட். அதற்குள் பிடிபட்டார். எழுச்சி அவர் இல்லாமலே நடந்தது.

லண்டனில் 1351ஆம் ஆண்டுத் தேசத்துரோகச் சட்டத்தின்படி விசாரணை. குற்றம் நாட்டுக்கு வெளியே நடந்ததால் அந்தச் சட்டம் பொருந்துமா என்ற வாதம், அதில் ஒரு காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதுவரை போனது. தூக்கு உறுதியானது. ஆர்தர் கோனன் டாயில் உட்படப் பலர் கருணை கேட்டுக் கையெழுத்துத் திரட்டினார்கள். அப்போது அரசு கையில் எடுத்த ஆயுதம், அவருடைய சொந்த நாட்குறிப்புகள். ஆண்களோடு அவருக்கிருந்த உறவுகள் எழுதப்பட்ட பக்கங்களைப் பிரதியெடுத்துப் பத்திரிகையாளர்களுக்கும் அமெரிக்கத் தூதருக்கும் காட்டினார்கள். கருணைக் குரல்கள் அடங்கின. 1916 ஆகஸ்ட் 3, பென்டன்வில் சிறையில் தூக்கு. பட்டத்தையும் முன்பே பறித்துவிட்டார்கள்.

அந்த நாட்குறிப்புகள் போலி என்று அயர்லாந்தில் பலர் பல காலம் நம்பினார்கள்; இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. 2002இல் நடந்த தடயவியல் ஆய்வு கையெழுத்து அவருடையதுதான் என்றது. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. போலி என்று வாதாடி அவரைக் காப்பாற்ற நினைப்பவர்கள், அது உண்மையாக இருந்தால் அவமானம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதில் அவமானம் என்ன? மக்கள் வாக்களித்தே 2015இல் தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்ட நாடு இது. அவமானப்பட வேண்டியவர்கள் சாகப்போகும் மனிதரின் நாட்குறிப்பை ஊருக்குக் காட்டித் திரிந்தவர்கள்தான்.

டப்ளின் திரும்பியதும் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1965வரை அவர் உடல் சிறை வளாகத்திலேயே கிடந்தது. மார்ச் 1 அன்று அரசு மரியாதையோடு இங்கே அடக்கம் செய்தபோது, 82 வயது ஜனாதிபதி டி வலேரா மருத்துவர்கள் தடுத்தும் கேளாமல் பனிக்காற்றில் நின்று பேசியிருக்கிறார். மற்ற தலைவர்களின் நினைவிடங்களுக்கு நடுவே எளிமையான கல்.

ஆனால் கேஸ்மென்ட் கேட்ட இடம் இதுவல்ல. தான் வளர்ந்த ஆண்ட்ரிம் மாவட்டத்தில், முர்லோ விரிகுடாவில் புதைக்கச் சொல்லியிருந்தார். அது பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்து. உடலை அங்கே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிரிட்டன் திருப்பிக் கொடுத்தது. அன்றைய பதற்றத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். இன்று அந்த எல்லையில் ஒரு சோதனைச் சாவடிகூட இல்லை, பெல்ஃபாஸ்ட் பேருந்து நிற்காமல் கடக்கிறது. அவரை முர்லோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் எண்ணம்.