நியூஜெர்சி ஆளுநர் தேர்தல்: ஓட்டை விட உறைதான் முக்கியம்

தபால் ஓட்டுக் கட்டு வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பிரித்துப் பார்ப்பது ஓட்டுச்சீட்டைத்தான். அதில் பிழை செய்கிறவர்கள் குறைவு. வட்டத்தை கறுப்பு மையால் நிரப்பினால் முடிந்தது. கோட்டை விடுவதெல்லாம் கூடவே வரும் உள் உறையில். 2025 நவம்பர் 4-ஆம் தேதி நடந்த ஆளுநர் தேர்தலில் முதல் தடவையாக ஓட்டுப் போட்ட நம்மவர்கள் நிறையப் பேர். அப்போது எங்கெங்கே சிக்கல் வந்தது, ஏன் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்குப் போடுவது என்பது அவரவர் பாடு.

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் ஆளுநர் டெல்லியிலிருந்து நியமனமாகி வருகிறவர். இங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆள், ஏறக்குறைய நம் முதல்வர் மாதிரி. பள்ளி நிதி, சொத்து வரி நிவாரணம், ரயில் கட்டணம் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. நியூஜெர்சியும் வர்ஜினியாவும் மட்டும் அதிபர் தேர்தலுக்கு மறு ஆண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கின்றன. அதிபர் தேர்தலில் வருகிற கூட்டம் இதற்கு வராது என்பதால் ஒவ்வொரு ஓட்டுக்கும் கனம் அதிகம்.

பதிவில் தொடங்குவோம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் பதிவு செய்யக் கூடாது. எம்விசி (மாநில மோட்டார் வாகன அலுவலகம்) கவுன்டரில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது திரையில் வாக்காளர் பதிவு பற்றியும் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டால் பின்னால் பெரிய தலைவலி. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், இதற்கு முன் ஓட்டுப் போடப் பதிவு செய்தீர்களா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். உறுதிமொழி எடுத்த பிறகு, அன்றே கூடப் பதிவு செய்யலாம். தேர்தலுக்கு 21 நாள் முன்பு கதவு மூடிவிடும். 2025-இல் அது அக்டோபர் 14.

பெயர் ஒரு தனிக் கதை. நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அப்பா பெயர். ஓட்டுச்சாவடியில் பெயர் கேட்டால் நாம் நம் பெயரைச் சொல்வோம், பணியாளரோ கடைசிப் பெயரை வைத்துத் தேடுவார். "இல்லையே" என்று சொன்னதும் பதறாமல் அப்பா பெயரைச் சொல்லுங்கள், வந்துவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, உரிமத்தில் ஒரு மாதிரி இருந்தால் உரிமத்தில் உள்ளபடியே பதிவு செய்வது நல்லது. உரிம எண்ணை எம்விசி பதிவோடுதான் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

இப்போது உறைக்கு வருகிறேன். கட்டில் ஓட்டுச்சீட்டு, குறிப்புத் தாள், உள் உறை, தபால்தலை ஒட்டத் தேவையில்லாத வெளி உறை எல்லாம் இருக்கும். உள் உறையோடு ஒட்டியபடி ஒரு சான்றிதழ்த் தாள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பெயர், முகவரி, கையெழுத்து. பார்த்தால் கிழித்துவிட வேண்டிய துண்டுத் தாள் போலவே இருக்கும். கிழிக்கக் கூடாது, கிழித்தால் ஓட்டு செல்லாமல் போகலாம். அந்தக் கையெழுத்தைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஓட்டை ஏற்பார்கள்.

நம்மவர்களுக்குத் தடுக்கும் இடம் அந்தக் கையெழுத்துத்தான். பதிவேட்டில் இருப்பது, பல ஆண்டுகளுக்கு முன் எம்விசியில் மின்பலகை மேல் வழுக்கும் குச்சியால் கிறுக்கியதாக இருக்கலாம். சிலர் வங்கிக்குத் தமிழிலும் உரிமத்துக்கு ஆங்கிலத்திலும் கையெழுத்துப் போடுகிறவர்கள். உறையில் எதைப் போடுவது? உரிமத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதில் இருப்பது போலவே போடுங்கள். கையெழுத்தே மாறிவிட்டது என்றால் பதிவைப் புதுப்பித்துப் புதுக் கையெழுத்தைக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, ஒரே வீட்டில் நாலு கட்டு வருவது. சாப்பாட்டு மேசையில் நாலையும் பிரித்துப் போட்டுவிட்டு மூடும்போது அம்மாவின் உறையில் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இரண்டு உறையும் கையெழுத்து ஒப்பீட்டில் மாட்டும். ஒவ்வொருவர் கட்டையும் தனித்தனியாகப் பிரித்து, மூடி முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். அவருக்காக நான் போட்டுவிடுகிறேன் என்று கணவர் மனைவிக்குக் கையெழுத்துப் போடுவது பிழை மட்டுமில்லை, குற்றம்.

இன்னொருவர் உறையைக் கொண்டுபோய்ப் போடலாம். ஆனால் கொண்டுபோகிறவர் தன் விவரத்தையும் கையெழுத்தையும் அந்த வெளி உறையில் எழுத வேண்டும். ஒருவர் மூன்று பேருடையதைத்தான் கொண்டுபோகலாம், ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய குடும்பத்தினர் என்றால் ஐந்து வரை. பிள்ளைகள் பெற்றோர் உறையை எடுத்துப்போகும்போது இந்தப் பகுதியை அப்படியே காலியாக விட்டுவிடுகிறார்கள்.

தபாலில் அனுப்பினால் தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும், அதன் பிறகு 6 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். மாலை கடைசி எடுப்பு முடிந்த பிறகு தெரு ஓரப் பெட்டியில் போட்டால் முத்திரையில் மறுநாள் தேதிதான் இருக்கும். கடைசி வாரத்தில் தபாலை நம்பாதீர்கள். உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) டிராப் பாக்ஸில், அதாவது ஓட்டு உறைகளுக்கென்றே வைத்திருக்கும் பெட்டியில், போடுங்கள், தேர்தல் நாள் இரவு 8 வரை திறந்திருக்கும். ஓட்டுச்சாவடியில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். இது தெரியாமல் வரிசையில் நின்று திரும்பியவர்கள் கணிசம்.

தபால் ஓட்டுப் பட்டியலில் பெயர் இருந்து, மனம் மாறிச் சாவடிக்கே போனால் இயந்திரத்தில் போட விடமாட்டார்கள். ப்ரொவிஷனல் பேலட் என்ற தாள் சீட்டைக் கொடுப்பார்கள். உங்கள் தபால் ஓட்டு வந்து சேரவில்லை என்று பார்த்த பிறகே அதை எண்ணுவார்கள், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஒரு தடவை 'இனி எல்லாத் தேர்தலுக்கும் தபாலில்' என்று குறித்தவர்கள் அதை மறந்துபோவதுதான் இதற்குக் காரணம். வேண்டாம் என்றால் கவுண்டி கிளார்க்குக்கு எழுதிக் கொடுத்து விலகலாம்.

நேரில் போடுகிறவர்களுக்கு என் சிபாரிசு முன்கூட்டிய வாக்குப்பதிவு. 2025-இல் அக்டோபர் 25 முதல் நவம்பர் 2 வரை ஒன்பது நாள். கவுண்டிக்குள் எந்த மையத்துக்கும் போகலாம். தேர்தல் நாளில் அப்படியில்லை, உங்களுக்கு ஒதுக்கிய சாவடிக்கு மட்டும்தான், காலை 6 முதல் இரவு 8 வரை. அந்த நவம்பர் 4 காலையில் மின்னஞ்சல் மிரட்டல்களால் சில சாவடிகளில் ஓட்டுப்பதிவு தடைபட்டு, மக்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முன்பே போட்டவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கட்சித் தொப்பி, சட்டையோடு மட்டும் போகாதீர்கள், 100 அடிக்குள் பிரசாரம் கூடாது.

சீட்டில் ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு, 2025-இல் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் அணி அல்லது குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லி அணி என்பது போல. அதே சீட்டில் மாநில அசெம்பிளிக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மூன்று பேருக்குக் குறித்தால் அந்தப் பகுதி மட்டும் வீணாகும், ஆளுநர் ஓட்டு பிழைத்துக்கொள்ளும். சீட்டைத் திருப்பியும் பாருங்கள். பள்ளி வாரியம் பல ஊர்களில் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாதப் பிரைமரியைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். 2025-இல் ஜனநாயகக் கட்சியில் மட்டும் ஆறு பேர் மோதினார்கள், உண்மையான தேர்வு அங்கேதான் நடந்தது. கட்சி சேராதவராகப் பதிவு செய்திருந்தால் அன்று சாவடியிலேயே ஒரு கட்சியைச் சொல்லிப் போடலாம். அதோடு அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவீர்கள். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர் மாற வேண்டுமானால் பிரைமரிக்கு 55 நாள் முன்பே மாற வேண்டும். முன்பெல்லாம் கவுண்டியின் கட்சித் தலைவர்கள் ஆதரித்தவர்களின் பெயர்கள் பிரைமரிச் சீட்டில் ஒரே வரிசையில் நிற்கும், அதை அப்படியே நிரப்பிவிட்டு வந்தவர்கள் உண்டு. செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் 2024-இல் போட்ட வழக்குக்குப் பிறகு அந்த வரிசை போய்விட்டது. இப்போது பதவிவாரியாகப் பெயர்கள், வாசித்துத்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் அம்மா அப்பா சாவடிக்குள் பிள்ளையை உதவிக்கு அழைத்துப் போகலாம், சட்டமே அனுமதிக்கிறது. முதலாளியும் தொழிற்சங்க ஆளும்தான் அப்படி வரக் கூடாது. தமிழில் சீட்டு கிடையாது.

போட்டு முடித்த பிறகு மாநிலத் தேர்தல் இணையதளத்தில் உங்கள் தபால் ஓட்டின் நிலையைப் பாருங்கள். 'வந்தது' என்பது வேறு, 'ஏற்கப்பட்டது' என்பது வேறு. கையெழுத்துப் பொருந்தவில்லை என்றால் கவுண்டி தேர்தல் வாரியத்திலிருந்து திருத்தப் படிவத்தோடு கடிதம் வரும். விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாமல், அதில் உள்ள தேதிக்குள் நிரப்பித் திருப்பி அனுப்பினால் ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.