எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்

நான் வாயே திறக்காவிட்டாலும் என் வண்டி பேசிவிடும். திருவாரூர் மாவட்டத்தில் காசநோய்த் திட்டத்தின் களப்பணியாளனாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கோட்டூர், திருத்துறைப்பூண்டி பக்கத்துத் தொகுப்பு வீட்டுத் தெருக்களில் ஒரு வாசலில் இருமினால் மூன்றாவது வாசலில் கேட்கும். வண்டி எந்த வீட்டு முன்னால் நின்றது, கையில் சளி டப்பா இருந்ததா என்பதெல்லாம் நான் மெயின் ரோட்டை எட்டுவதற்குள் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்திருக்கும். நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று பயிற்சியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு வந்ததும் கல்யாணப் பேச்சு தொடங்கும். அப்படி ஒரு தை மாதத்தில்தான் அந்தப் பெண்ணுக்குச் சளியில் கிருமி இருப்பது தெரிந்தது. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். மருந்து தொடங்கிய முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அழுதுவிட்டாள். ரிஃபாம்பிசின் மாத்திரை அப்படித்தான் நிறம் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லியும் அழுகை நிற்கவில்லை. அவளுடைய அம்மாவின் கவலை வேறு. “சார், பெண் பார்க்க வருகிறார்கள். உங்கள் வண்டி இந்தப் பக்கமே வர வேண்டாம்” என்று கைகூப்பினார். மாத்திரையைக் கடைத்தெருவில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குச் சம்மதித்தேன்.

சிக்கல் டியூஷன் பிள்ளைகளிடம் இருந்தது. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஐந்து வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். அந்த வயதில் தொற்றினால் நோய் மூளைக்காய்ச்சல் வரை போகக்கூடும், காத்திருக்க முடியாது. ஆனால் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டால் தெருவுக்கே விடை தெரிந்துவிடும். மருத்துவ அலுவலரிடம் பேசி, தெரு முழுவதற்கும் முகாம் போட்டோம். பெரியவர்கள், நடவுக்குப் போகும் பெண்கள், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பரிசோதனை. செலவும் உழைப்பும் கூடுதல்தான். இருந்தும் அதுவே சரியான வழி என்று இன்றும் நினைக்கிறேன்.

முகாமில் ஒரு தாய் நேராகவே கேட்டார்: “எங்கள் தெருவில் யாருக்கு இருக்கிறது?” யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் அது பொய். “அதை நான் சொல்ல முடியாது. உங்களுக்கு இருந்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றேன். அவர் முகம் சுளித்தார், ஆனாலும் பிள்ளையைப் பரிசோதனைக்கு உட்கார வைத்தார்.

சில வாரங்கள் கழித்து, டீக்கடையில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, அந்தத் தெருவில் பெண் எடுக்கலாம் என்று பார்க்கிறோம். அந்த வீட்டில் ஏதாவது தொந்தரவு உண்டா?” என்றார். இங்கேதான் அனுபவம் கைகொடுக்க வேண்டும். நோயில்லாத வீட்டைப் பற்றிக் கேட்கும்போது “அங்கே ஒன்றுமில்லை” என்று நல்லெண்ணத்தில் சொல்லிப் பழகிவிட்டால், நோயுள்ள வீட்டைப் பற்றிக் கேட்கும்போது நம் மௌனமே விடையாகிவிடும். ஆகவே யார் எந்த வீட்டைக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: “நான் எந்த வீட்டைப் பற்றியும் பேசுவதில்லை, ஐயா.” நோயே இல்லாத வீடுகளுக்கும் இதே பதில். அந்தப் பெண் மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும் நோய் இது. அதைச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, அவளுடைய அம்மாவுக்கும் இல்லை.

எச்ஐவி விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு வழிகாட்டுகிறது. வாழ்க்கைத்துணையிடம் நோயாளியே சொல்லும்படி முதலில் ஆலோசனை தர வேண்டும். அதன் பிறகே, மருத்துவரோ ஆலோசகரோ நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தெரிவிக்கலாம். சொன்னால் பெண்ணுக்கு அடி உதையோ கைவிடப்படும் நிலையோ வரும் என்ற அச்சம் இருந்தால் தெரிவிக்கக் கூடாது. காசநோயில் இந்த அளவு தெளிவு எங்களுக்குக் கிடைப்பதில்லை. பள்ளி வேன் ஓட்டிய ஒருவர், உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதத்திலேயே மருந்தை நிறுத்திவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாவிட்டால் மூடிய வேனுக்குள் பிள்ளைகள். மருத்துவ அலுவலர் அவரையே உட்காரவைத்து முகத்துக்கு நேராகச் சொன்னார்: மருந்தை மறுபடி தொடங்குங்கள், நான் சொல்லும் வரை வேன் ஓட்டாதீர்கள், மீறினால் பள்ளிக்குச் சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை. அவர் கோபத்தோடு எழுந்து போனார், பிறகு வந்து மருந்து வாங்கிக்கொண்டார். விடுப்பு நாட்களின் கூலி அவருக்கு நஷ்டம்தான். அதை ஈடுகட்ட எங்களிடம் எதுவும் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவி 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. 2022இல் வந்த நிக்‌ஷய் மித்ரா திட்டத்தில் நன்கொடையாளர்கள் உணவுப் பொட்டலமும் தருகிறார்கள். பருப்பும் கடலையும் முட்டையும் எங்கள் நோயாளிகளுக்கு மாத்திரைக்கு இணையான தேவை, அதைத் தருபவர்களை வணங்குகிறேன். ஆனால் பொட்டலத்தை நீட்டியபடி “ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால், பசியோடு நிற்பவர் எப்படி வேண்டாம் என்பார்? அதைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். படம் பத்திரிகையில் வராவிட்டாலும் கைபேசியில் ஊர் சுற்றிவிடும். இப்போதெல்லாம் நன்கொடையாளர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்: நோயாளியைப் படம் எடுக்கக் கூடாது, பொட்டலத்தை நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். அரிசி ஆலைக்காரர் ஒருவர் உடனே ஒப்புக்கொண்டு மாதாமாதம் அனுப்புகிறார். வேறு ஒருவர் யோசித்துச் சொல்வதாகப் போனார், அதன் பிறகு வரவில்லை. அவர் தந்திருக்கக்கூடிய பொட்டலங்களுக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.