மணியை வீட்டுக்குக் கூட்டிவர மூன்று நடை

டொராண்டோவிலிருந்து திரும்பி இன்றோடு நாற்பது நாள். இன்று காலையில்தான் மணி முதல்முறையாகக் கம்பி ஓரம் வந்து, தலையைக் குனிந்து, பிடரியைச் சொறியச் சொல்லி நின்றான். விரலை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பறவையை விட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்கள் நான் பட்டதைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மணி ஒரு ஆப்பிரிக்கன் க்ரே, கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் சாம்பல் நிறக் கிளி. ஒன்பது வயது. மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் நான்கு மாதம் போகவேண்டி வந்தது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் க்ரே 2017 முதல் இருக்கிறது. அவனை விமானத்தில் கூட்டிப்போவது சாதாரணக் காரியம் இல்லை. அதனால் தாம்பரம் தாண்டி, பறவைகளைக் காசு வாங்கிப் பார்த்துக்கொள்கிற ஒரு போர்டிங்கில் விட்டோம். நாளுக்கு 300 ரூபாய், பாதி முன்பணம். இடம் சுத்தமாக இருந்தது, பார்த்துக்கொண்ட பையனும் நன்றாகப் பழகினான். அதுவரை குறை இல்லை.

முதல் இரண்டு மாதம் தினமும் வீடியோ வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மூன்றாவது மாதம் வந்த ஒரு வீடியோவை மகள்தான் உற்றுப் பார்த்தாள். பின்சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி இருந்தது. பழைய வீடியோவையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போன் செய்து கேட்டால் "நல்லா இருக்கான் மேடம், கவலைப்படாதீங்க" என்ற ஒரே பதில். அன்றே தங்கையை நேரில் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே கிளம்பிப் போனோம். கேட்டில் பூட்டு. பெயர்ப் பலகையே இல்லை. எதிர்வீட்டு அம்மா, "அவங்க காலி பண்ணி மூணு வாரம் ஆச்சேம்மா, உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். போன் ஸ்விட்ச் ஆஃப். ஜெட் லாக் தலைசுற்றலோடு அந்தத் தெருவில் நின்ற அரைமணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் போனை எடுத்தார்கள். கோவளம் பக்கம் மாறிவிட்டார்களாம்.

மறுநாள் கோவளம். அங்கே புதிதாக ஒரு பையன். "ஒரிஜினல் ரசீது இருந்தாத்தான் பறவையை வெளிய விடச் சொல்லியிருக்காரு சார்." ரசீது என் கைப்பையில், கைப்பை டொராண்டோவில். போனில் இருந்த போட்டோவைக் காட்டினாலும் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே மணியின் குரல் கேட்கிறது, பார்க்கவும் விடவில்லை. இரண்டாவது நடையும் வீண். பறவையை யாரிடமும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று கண்டிப்பாக இருப்பது நல்லதுதான். ஆனால் பார்க்கக்கூட விடாதது அநியாயம்.

மூன்றாம் நாள் உரிமையாளர் இருந்தார். மகள் ஸ்கேன் செய்து அனுப்பிய ரசீதை ஏற்றுக்கொண்டார். சரி, முடிந்தது என்று நினைத்தால், அவருடைய பதிவேட்டில் மணியின் கால் வளையத்தில் உள்ள எண்ணின் கடைசி இலக்கம் 7. ரசீதில் 1. அங்கே இன்னொரு க்ரேயும் இருந்ததால் எது யாருடையது என்று அவருக்குக் குழப்பம். எனக்குக் குழப்பமே இல்லை, மணி கூண்டுக்குள் தெரிகிறான். ஆனால் "தெரியும்" என்று சொன்னால் போதாதே.

கைகொடுத்தது இரண்டு காகிதம். ஒன்று, குஞ்சாக வாங்கியபோது எடுத்த டி.என்.ஏ. அட்டை. ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கான அந்தச் சோதனை அட்டையில் வளைய எண் அச்சாகியிருக்கும். இரண்டு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் செய்த பதிவு. சைட்டிஸ் பட்டியலில் உள்ள விலங்கு, பறவை வைத்திருப்பவர்கள் அந்தத் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்போது 1000 ரூபாய் கட்டிப் பதிந்தபோது அடையாளக் குறியாக இதே எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டையும் பிடிஎஃப்பாகப் போனில் வைத்திருந்தது என் கணவர் யோசனை. கூண்டோரம் போனை வைத்து, மணி கால் மாற்றி உட்காரும் நேரம் பார்த்து வளையத்தைப் பெரிதாக்கிப் படம் எடுத்தோம். இருபது படத்தில் ஒன்றில்தான் எண் முழுதாகத் தெரிந்தது. கடைசி இலக்கம் 7. ரசீதில் 7-ஐ 1 மாதிரி எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்! குஞ்சுப் பருவத்தில் மட்டுமே மாட்ட முடிகிற மூடிய வளையம் என்பதால் அதற்கு மேல் உரிமையாளரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இடம் மாற்றிய செலவென்று 2000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், விட்டுவிட்டார்.

பறவையை விடும்போது இதையெல்லாம் கட்டாயம் செய்யுங்கள்: ரசீதில் வளைய எண்ணை நீங்களே எழுதுங்கள், எழுதியதை வளையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொருவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒருவர் பெயரைக் குறிப்பிடுங்கள். ரசீதை ஊரிலேயே அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வீடியோ கேட்டால் அன்றைய செய்தித்தாளைக் கூண்டருகே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். எடையைக் கிராம் கணக்கில் இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எடை ஏன் என்றால், போகும்போது 438 கிராம் இருந்த மணி திரும்பும்போது 391. பார்வைக்குத் தெரியவே தெரியாது, இறகு மூடிக்கொள்ளும். தராசு மட்டும்தான் சொல்லும். பறவை பார்க்கும் டாக்டரிடம் அன்றே போனோம் (நாய், பூனை பார்க்கும் எல்லாரும் பறவை பார்ப்பதில்லை, முதலிலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்). பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அலட்சியமாக விடக்கூடாது என்றார். மார்பில் ஒரு கையகலத்துக்கு இறகைப் பிடுங்கியிருந்தான். எச்சம், ரத்தம், கிளமிடியா என்ற கிருமிக்கான சோதனை எல்லாம் எடுத்தார்கள். கிருமி ஒன்றும் இல்லை. நான்கு மாதமும் பெரும்பாலும் சூரியகாந்தி விதையே போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அது கொழுப்பு, அதில் க்ரேக்கு வேண்டிய கால்சியமும் வைட்டமின் ஏ-யும் கிடைக்காது. நாங்கள் மூன்று மாதத்துக்கான பெல்லட் (சத்து கலந்த உருண்டைத் தீவனம்) பாக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தோம். இரண்டு பிரிக்காமலே திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபம் வேறு எதற்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓடிவந்து தோளில் ஏறுவான் என்று நான்கு மாதம் கனவு கண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து உறுமினான். க்ரே பயந்தால் நாய்க்குட்டி மாதிரி ஒரு உறுமல் வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மறுநாள் கையை நீட்டினேன், கடித்துவிட்டான். அவன் மறக்கவில்லை, பயந்திருக்கிறான், நீங்கள் போய்க் கேட்காதீர்கள், அவனே வரட்டும் என்றார் டாக்டர். அப்படியே செய்தேன். கூண்டு பழைய இடத்தில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில். காலையில் பக்கத்தில் நாற்காலி போட்டு அன்றைய பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன், அவனைப் பார்க்கமாட்டேன். தொட்டியில் ஒரு பாதாம், நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வான். பிடுங்குவதை மறக்கடிக்க முருங்கைக் கட்டை, தேங்காய் மட்டை, கொடுக்காப்புளி. வாரம் மூன்று நாள் தண்ணீர் ஸ்ப்ரே.

முதல் இரண்டு வாரம் அவன் வாயில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தமும், "டேய், கதவைச் சாத்து" என்பதும் மட்டும்தான். அங்கே கற்றது. பதினேழாம் நாள், அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பு வைத்து இரண்டு விசில் எண்ணியிருந்தேன். மூன்றாவது விசில் ஹாலிலிருந்து வந்தது. கணவர் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்தார்.

இன்னொரு எச்சரிக்கை. மகள் ஆசையாக ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, பறவையைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டியில் இதெல்லாம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தோசைக்கல் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது.

நேற்று எடை 419. மார்பில் சாம்பல் நிற முளைகள் வந்திருக்கின்றன. அடுத்த வருடம் பேரன் பிறந்தநாளுக்குப் போகவேண்டும், அதற்காக இப்போதே தங்கையை வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போதெல்லாம் அவள் கையால் ஒரு பாதாம் கொடுக்கிறாள். போன ஞாயிறு அவளைப் பார்த்து அவன் உறுமவில்லை.