ஹட்டன் மலையில் அம்மாவின் பொருத்தனை

போன வருஷம் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்தபோது, தியேட்டருக்குள் போவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொருத்தனை பண்ணினார். "ஆண்டவர் என்னைப் பிழைக்கவெச்சா, நான் பொறந்த மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களோட உட்கார்ந்து ஜெபம் பண்ணுவேன்." கர்த்தர் பிழைக்க வைத்தார். ஸ்தோத்திரம். ஆனால் அவ்வளவு தூரம் போக உடம்பில் தெம்பில்லை. பெரம்பூரில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஆறு பேர் ஒரு வாரம் இலங்கைக்கு ஊழியத்துக்குக் கிளம்பினார்கள். அம்மாவுக்குப் பதிலாக ஏழாவது ஆளாக நான் சேர்ந்துகொண்டேன்.

அம்மா இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 1972ல், பத்து வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரிக்குப் போய், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தார். திரும்ப அந்த மலையைப் பார்க்கவே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவரைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருப்பது கத்தோலிக்க ஆலயம், நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைதான். ஆனாலும் வெளிநாடு போகிறவர்கள் இயேசுவின் சீடர் தோமா இரத்தசாட்சியாக மரித்ததாகச் சொல்லப்படும் அந்த மலையில் ஜெபித்துவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். படி ஏற முடியாது, நல்லவேளை மேலே வரை வண்டி போகிறது. 1547ல் கண்டெடுத்த கற்சிலுவைக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்தால் கீழே மீனம்பாக்கம் ஓடுதளம். ஒரு விமானம் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாசலைத் தாண்டுவதற்குள் வாடகை வண்டிக்காரர்கள் பெட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள். நாங்கள் வேண்டாம் என்றதையும் மீறி ஒருவர் எங்கள் தைலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார், அவர் பின்னால் ஓடித்தான் வாங்கினோம். ஜெபத்தோடு இறங்கிய மனசைக் கலைப்பதற்கென்றே நிற்பதுபோல் இருந்தது. கித்துல்கல தாண்டியதும் வளைவுகளும் மழையும். நான்கு பேருக்கு வாந்தி. ராத்திரி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், சிற்றாலயத்துக்கு வந்தார்கள். கால் முழுக்க அட்டைக் கடி. கூடைக் கயிறு தலையில் அழுத்திய தடம் அப்படியே தெரிந்தது. நான் வேதத்தில் ஆபிராமின் மனைவி சாராய்க்கு அடிமையாக இருந்த ஆகாரைப் பற்றிப் பேசினேன். ஆபிராமும் சாராயும் அவளை அடிமைப்பெண் என்றுதான் சொன்னார்கள், ஒரு தடவைகூடப் பேர் சொல்லவில்லை. வனாந்தரத்தில் கர்த்தருடைய தூதன்தான் முதலில் ஆகார் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். இதைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு அக்கா எழுந்தார்.

"அப்ப ஆண்டவர் யாருக்கும் அரைப்பேர் போடமாட்டாருங்களா?"

எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள்தான் விளக்கினார்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அதற்கான சம்பளம். நாங்கள் போனபோது அது 1,350 இலங்கை ரூபாய். அந்தத் தோட்டத்தில் நிறுவையில் 18 கிலோ கொழுந்து வந்தால் முழுப்பேர். மழையோ காய்ச்சலோ வந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். விடியற்காலையிலிருந்து மலையில் நின்றவள் பாதி ஆளாகக் கணக்கில் ஏறுகிறாள்.

"போடமாட்டார் அக்கா. உங்களுக்கு முழுப்பேர்தான்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த அக்கா முழங்காலில் விழுந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் விழுந்தார்கள். தகரக் கூரையில் மழை. யார் ஜெபிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. எத்தனையோ கன்வென்ஷன் போயிருக்கிறேன், கர்த்தர் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அப்பா, உமக்கு எப்படி நன்றி சொல்வேன்! என் தாயைப் பிழைக்க வைத்தீர், அவள் பிறந்த மண்ணில் என்னை முழங்கால்படியிட வைத்தீர்.

மிச்ச நாட்களில் லயம் லயமாகப் போனோம். தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டோம், அவர்கள் கொடுத்த ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம், ஜெபித்தோம். ஒரு நோட்டில் 41 பேரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரைப்பேர் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "எங்கம்மாவுக்கு மழைக்காலம் பூரா அரைப்பேருதான். முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு வருவாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

அப்புறம் நோட்டை வாங்கிக்கொண்டார். தினம் ராத்திரி ஒவ்வொரு பெயரையும் தகப்பன் பெயரோடு முழுசாக வாசித்து ஜெபிக்கிறார். நேற்று 23வது பெயரில் தூங்கிவிட்டார். காலையில் காப்பி போடுவதற்கு முன் 24வதிலிருந்து ஆரம்பித்தார்.