அப்பாவின் இரண்டாவது குளிசை

சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு பழைய விபூதி டப்பா இருந்தது. திறந்து பார்த்தால் முழுக்கப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை. கிளினிக் போய் வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் யாரோ "ஸ்டீரொய்ட் எலும்பைத் தின்னும்" என்றிருக்கிறார், அதோடு அப்பா மூன்று கிழமையாக அதை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு, அபிராட்டரோன் நாலையும் தவறாமல் போட்டிருக்கிறார், அதுதானே கேன்சர் மருந்து!

கால் வீங்கித்தான் பிடிபட்டார். உப்புவெளிக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே கிடக்கிறது. பிரஷரும் ஏறியிருந்தது. பொட்டாசியம் 2.9, குறைந்தது 3.5 ஆவது இருக்கவேண்டும். வார்டில் படுத்துக்கொண்டு "வாழைப்பழம் சாப்பிட்டால் சரிவந்திடும்" என்கிறார்.

புரொஸ்டேட் கேன்சருக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. ஊசி போட்டால் ஆணின் விதை (விரை) அதைச் சுரப்பது நிற்கும், கட்டியும் அடங்கும். அப்பாவுக்குச் சில வருடம் அடங்கித்தான் இருந்தது. பிறகு ஹார்மோன் அடிமட்டத்தில் இருக்கும்போதே பிஎஸ்ஏ (இந்தக் கேன்சரின் போக்கைக் காட்டும் இரத்த அளவு) ஏறத் தொடங்கியது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியும் கொஞ்சம் சுரக்கும், கட்டி தானே சமைத்துக்கொள்ளவும் பழகிவிடும். அபிராட்டரோன் பூட்டுவது இந்தக் கள்ள அடுப்புகளைத்தான். ஊசியும் நிற்காது, நிறுத்தினால் விதை திரும்பவும் சுரக்கும் (இதை மாமாவுக்கு எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருப்பேன்).

ஆனால் அந்தப் பூட்டு உடம்புக்கு வேண்டிய கோர்ட்டிசோல் என்ற ஹார்மோனையும் குறைத்துவிடும். மூளை "சுரக்கவில்லையே" என்று அட்ரீனலை விரட்ட, அது உப்பைப் பிடித்துவைக்கிற வேறு ஹார்மோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். வீக்கம், பிரஷர், பொட்டாசியம் இறக்கம் எல்லாம் அதிலிருந்து வருவதுதான். குறைந்த கோர்ட்டிசோலுக்கு ஈடாக நின்று மூளையை அமத்துவதுதான் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன், அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம். இரண்டும் சேர்ந்துதான் ஒரு மருந்து. பஸ்காரர் சொன்னதும் முழுப்பொய் இல்லை, ஸ்டீரொய்டும் ஊசியும் எலும்பைத் தேய்க்கும்தான், ஆனால் அதை டொக்டரிடம் கேட்டிருக்கலாமே, விபூதி டப்பாவிடமா கேட்பது?

இன்னொரு தலையிடி, அபிராட்டரோன் வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கவேண்டும், போட்டபின் ஒரு மணித்தியாலம் ஒன்றும் உள்ளே போகக்கூடாது, கொழுப்புச் சாப்பாட்டோடு போட்டால் பத்து மடங்குவரை கூட இரத்தத்தில் ஏறிவிடும். பிரெட்னிசொலோனோ சாப்பாட்டோடு. இதில் குழம்பாத ஆள் யார்?

அதனால் இப்போது நாலு மணிக்கு அலாரம், நாலு குளிசை, ஐந்துக்குப் பிறகுதான் தேத்தண்ணி. மற்றதை அம்மா இடியப்பத் தட்டிலேயே வைத்துவிடுகிறார். அதை விழுங்கிக் காட்டினால்தான் இரண்டாம் கரண்டி சொதி.