வாளியில் அரசிலை

அக்டோபர் 30, 2023, திங்கள்
சோதனைக்குச் சளி கொடுத்துவிட்டு வந்தேன். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம் ஆகுமாம். வரும் வழியில், இடிக்கப்போகிற பழைய மண்ணடி வீட்டு மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசில் இருபது இலை பறித்து வந்து வாளித் தண்ணீரில் போட்டேன். சதை அழுகி நரம்பு மட்டும் மிஞ்ச மூன்று நான்கு வாரம் பிடிக்கும். எது முந்துகிறது, பார்ப்போம்.

நவம்பர் 1
இருமல். வரையவில்லை.

நவம்பர் 3
மரத்தைவிட வேர்தான் வரையக் கஷ்டம். அடிமரம் என் மணிக்கட்டுத் தடிமன்கூட இல்லை. வேர் மட்டும் சுவரைப் பற்றிக்கொண்டு பதினோரு அடி இறங்கியிருக்கிறது. டேப் பிடித்து அளந்தேன். காக்கை எச்சத்தில் வந்த விதையாகத்தான் இருக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு வேறென்ன வேண்டும்? காரை பெயர்ந்த இடத்தில் ஒரு செங்கல்லின் விளிம்பைச் சுற்றி வளைந்து, அடுத்த கல்லுக்கு அடியில் நாடா மாதிரி தட்டையாகி நுழைகிறது. அங்கே விரல் வைத்தால் கல் ஆடுகிறது. வேரைப் பிடுங்கினால் சுவர் விழும், விட்டாலும் விழும்.

வாட்ச்மேன் தாத்தா போன வருஷம் ஆசிட் ஊற்றிப் பார்த்தாராம். "ரெண்டே மாசம் பாப்பா, மறுபடி துளிர் வுட்டுச்சு."

நவம்பர் 6
அக்கா போன் செய்தாள். மாஸ்க் போட்டுக்கொண்டுதானே அங்கே போகிறாய் என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 9
கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். முதலில் கதவும் நிலையும், அப்புறம் தேக்குக் கட்டைகள். சுவருக்கு யாரும் காசு தர மாட்டார்கள், அதனால் அது கடைசி.

மெட்ராஸ் டெரஸ் என்கிற இந்தப் பழைய மாடித் தளத்தைக் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தால்தான் தெரியும். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்கள், படுக்கையாக இல்லை, விளிம்பில் நிற்கவைத்து, கோணலாக, வரிசை வரிசையாக. கம்பி கிடையாது. சுண்ணாம்பின் பிடிப்பும், ஒரு கல் இன்னொன்றை நெருக்குவதும்தான். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேலே தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று கேள்வி. மூலையில் ஒழுகிக் கறுத்த பத்துக் கல்லை வரைய இரண்டு மணி நேரம் ஆனது. வாயெல்லாம் தூசி.

1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தில் குண்டு போட்டபோதே இந்த வீடு இருந்தது என்கிறார் வீட்டுக்காரர். எம்டனுக்குத் தப்பியது காக்கைக்குத் தப்பவில்லை.

நவம்பர் 12, தீபாவளி
புகை. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கினேன்.

நவம்பர் 16
கண்காட்சிக்காரர்கள் நிலையாமை பற்றி நூறு வார்த்தை கேட்கிறார்கள். கோலம் என்று ஆரம்பித்தேன், உடனே அடித்தேன். கோலத்தை இழுக்காமல் இந்த ஊரில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா?

எழுதுவதை விட்டுவிட்டு ஆரத்தி கரைத்தேன். மஞ்சள்தூள், தண்ணீர், விரல்நுனியில் சுண்ணாம்பு. சட்டென்று சிவந்தது. கல்லூரியில் படித்த காலமெல்லாம் நிலைக்கிற நிறம் எது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சள் வெயிலில் நிற்காது என்று முதல் வருஷமே தள்ளிவிட்டார்கள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மூன்றரை மணிக்கு அரசின் நிழல் படிக்கட்டுச் சுவரில் விழும். நிழலின் மேலேயே தடவினேன். பாதி முடிப்பதற்குள் நிழல் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. துரத்தவில்லை.

நவம்பர் 17
வாளி நாறுகிறது. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கீழ் வீட்டு மாமி கேட்டார்.

நவம்பர் 20
எடை 46. போன மாதம் 48.

நவம்பர் 22
படிக்கட்டுச் சுவரில் தடவியதில் வெயில் படும் மேல்பாதி பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிட்டது. கீழ்ப்பாதி இன்னும் சிவப்பு. போட்டோ எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதோ.

நவம்பர் 26, கார்த்திகை
கதவில்லாத வாசலில் தாத்தா மூன்று அகல் ஏற்றி வைத்திருந்தார். யாருக்கு தாத்தா என்றேன். "வாசல் கீதில்ல?"

நவம்பர் 27
முதல் இலை. குழாயடியில் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தேய்த்தேன். சதை பச்சைக் கூழாக வழிந்து போனது. நடு நரம்பு, கிளை நரம்பு, அதற்குள் வலை, அதற்குள் இன்னொரு வலை. வால் வரைக்கும் முழுசாக வந்தது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதும். இன்னும் ஊறவேண்டும், எனக்குத்தான் பொறுமை இல்லை.

டிசம்பர் 4
நேற்றிலிருந்து மழை நிற்கவே இல்லை. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மெழுகுவத்தியில் எழுதுகிறேன். அக்கா பயந்துகொண்டிருப்பாள். காற்று ஒரு தடவை வீசும்போது அந்தச் சுவர், அடுத்த தடவையும் அந்தச் சுவர். வேறு எதையும் நினைக்க வரவில்லை. தாத்தா எங்கே படுத்திருப்பார் என்பதுகூட இப்போதுதான் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 7
தாத்தா நன்றாக இருக்கிறார். பக்கத்துக் கடை மாடியில் இருந்தாராம். "இன்னாம்மா, செவுத்தப் பாக்க வந்தியா, என்னையா?"

கைப்பிடிச் சுவர் முற்றத்துக்குள் சரிந்து கிடக்கிறது. வேர் பிடித்திருந்த மூன்றடி மட்டும் நிற்கிறது. மரமும் நிற்கிறது. படிக்கட்டுச் சுவரில் சிவப்பு ஒன்றுமில்லை. ஒரு விரிசலுக்குள் மட்டும், நகத்தால் சுரண்டினால், கொஞ்சம் மஞ்சள்.

டிசம்பர் 9
செவ்வாய்க்கிழமை ஜேசிபி வருகிறதாம்.

டிசம்பர் 11, திங்கள்
லேபிலிருந்து போன். முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்றார்கள். போனிலேயே சொன்னால் என்ன என்றேன், டாக்டர்தான் சொல்வார் என்றார் அந்தப் பெண். நான்கு மணிக்கு. மூன்றரைக்கு மாடியில் நிழல் விழும். இரண்டுக்கும் சேர்த்துப் போக முடியாது. வாளியில் இன்னும் ஆறு இலை கிடக்கிறது, தண்ணீர் மாற்றவேண்டும்